லேப் (லாப்ரடார் நாய்) குட்டிங்களை எட்டு வாரம் வரைக்கும் கரை சேக்கறது எப்படி

"அதான் 35 நாள் ஆயிடுச்சுல்லக்கா, இன்னிக்கே வந்து எடுத்துக்கறோம்." நாய் குட்டி போட்ட வீட்டுக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான் இருக்கும். நம்ம ஊர்ல 35 நாள் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, பல்லு மொளைச்சு தட்டுல சாப்பிட ஆரம்பிச்சா குட்டி ரெடின்னு ஒரு நெனப்பு. ரெடி இல்லைங்க. எட்டு வாரம் ஆகணும். அந்த எட்டு வாரத்தை எப்படி ஓட்டறதுன்னு தான் இதுல எழுதறேன். எங்க வீட்ல இருக்கறது ஒரே ஒரு பொட்டை லேப், மஞ்ச கலர், பேரு மல்லி, ரெண்டு தடவை குட்டி போட்டிருக்கா, மொத்தம் 15, அதுல 14 பொழைச்சுது. பெரிய கென்னல் வச்சிருக்கறவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இருக்காது, ஹால்ல ஒரு மூலைய ஒதுக்கி பாக்கறவங்களுக்கு தான் இது.

குட்டி பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி சட்டத்த சொல்லிடறேன், நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. 2017-ல மத்திய அரசு நாய் பிரீடிங்குக்கு தனியா விதி கொண்டு வந்துச்சு. ஒரு நாய் தானேன்னு நெனைக்காதீங்க, குட்டிய காசுக்கு குடுத்தா நீங்களும் பிரீடர் தான், மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணணும். பொட்டைக்கு 18 மாசம் முடிஞ்சிருக்கணும், வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, வாழ்நாள்ல அஞ்சு ஈத்து தான், எட்டு வயசு தாண்டிட்டா விட்டுடணும். எட்டு வாரத்துக்கு கம்மியான குட்டிய விக்கவே கூடாதுன்னும் அதுலயே இருக்கு, ஸோ அந்த 35 நாள் ஆளுக்கு நான் பதில் சொல்றப்போ பாதி சட்டம் பேசும், பாதி நான் பேசுவேன். குட்டிக்கு வம்சாவளி பேப்பர் வேணும்னா தாய் தகப்பன் ரெண்டுக்கும் கேசிஐ ரெஜிஸ்ட்ரேஷனும் மைக்ரோசிப்பும் இருக்கணும், கென்னல் கிளப் ஆஃப் இந்தியா ஆபீஸ் சென்னையில தான் இருக்கு.

ஆண் நாய் பாக்கறப்போ தலை எவ்ளோ பெருசு, கப்பு வாங்கிருக்கான்னு மட்டும் பாக்காதீங்க. லேப்க்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் தான் எமன். தாய் தகப்பன் ரெண்டுக்கும் ஹிப் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு சேத்து விடுங்க, அதுவும் நாய் முழுசா வளந்தப்புறம் எடுத்ததா இருக்கணும். கண்ணு தெரியாம போற பிஆர்ஏ, ஓடறப்போ பின்னங்கால் துவண்டு விழற இஐசி, இதுக்கெல்லாம் டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு. இது ரெண்டும் தாய் தகப்பன் ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தா தான் குட்டிக்கு நோயா வரும், அதனால ஒண்ணு கேரியரா (நோய் வராம அந்த ஜீன மட்டும் சுமக்கறது) இருந்தாலும் இன்னொண்ணு கிளியரா (அந்த ஜீனே இல்லாதது) இருந்தா பயம் இல்ல. கலர பத்தி ஒரு வரி, மஞ்சளும் மஞ்சளும் சேந்தா மஞ்ச குட்டி தான் வரும், கருப்பு வந்துச்சுன்னா வேலி தாண்டி வேற யாரோ வந்துட்டு போயிருக்காங்கன்னு அர்த்தம். "சில்வர் லேப்"னு தனி ரேட்டு சொல்றவங்ககிட்ட மாட்டிக்காதீங்க, அப்படி ஒரு கலர் லேப் ஸ்டாண்டர்ட்லயே கிடையாது, கருப்பு, மஞ்சள், சாக்லேட் மூணே மூணு தான்.

ஹீட்டுக்கு வந்து ரத்தம் காட்டின நாள எழுதி வைங்க. 10-லருந்து 14 நாளுக்குள்ள தான் பெரும்பாலும் சேரும், ஆனா இதுல ஒவ்வொருத்திக்கும் கணக்கு மாறும், மொத ஈத்துல நாங்க நாள் கணக்க நம்பி ரெண்டு ட்ரிப் வீணா போயிட்டு வந்தோம், ரெண்டாவது தடவை சேர்ற நாள காட்டற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ரத்த டெஸ்ட் பாத்து போனோம், ஒரே ட்ரிப்ல முடிஞ்சுது. பொட்டைய தான் ஆண் வீட்டுக்கு கூட்டிட்டு போகணும், மாத்தி பண்ணா புது எடத்துல ஆண் பம்மிக்கும்.

சினை கணக்கு 63 நாள், ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன ஆகும். மொத அஞ்சு வாரம் வழக்கமான சாப்பாடே போதும், லேப்க்கு எப்பவும் பசி தான், அத பாத்து எரக்கப்பட்டு அள்ளி போட்டீங்கன்னா கொழுத்துட்டு பிரசவத்துல தெணறும். இந்த பசி சும்மா கொழுப்பெடுத்த பசி இல்ல, 2016-ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, கிட்டத்தட்ட நாலு லேப்க்கு ஒண்ணுக்கு பிஓஎம்சின்னு ஒரு ஜீன்ல ஒரு துண்டு இல்ல, அதனால வயிறு நெறைஞ்சுதுங்கற செய்தியே மூளைக்கு ஒழுங்கா போகாது. அவ கண்ண பாக்காதீங்க, தட்ட பாருங்க. ஆறாவது வாரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி கடைசியில ஒண்ணரை பங்கு, அதையும் நாலா பிரிச்சு குடுக்கணும், ஏன்னா வயித்துல எடம் இருக்காது.

இன்னொண்ணு, சினை நாய்க்கு கால்சியம் டானிக் ஊத்தாதீங்க. பக்கத்து வீட்டு பாட்டிலருந்து மெடிக்கல் ஷாப்காரர் வரைக்கும் எல்லாரும் ஊத்த சொல்வாங்க. உடம்புல எலும்புல இருந்து கால்சியத்த எடுத்து ரத்தத்துல விடற வேலைய ஒரு சுரப்பி பாக்குது, வெளியிலருந்து தாராளமா வந்துட்டே இருந்தா அது தூங்கிடும், குட்டி போட்டு பால் கட கடன்னு எறங்கறப்போ திடீர்னு எழுப்பினா எழுந்திரிக்காது. அப்போ தான் ஜன்னி மாதிரி வெட்டி இழுக்கறது. நல்ல பப்பி ஸ்டார்டர் ஃபீட் போடறீங்கன்னா அதுலயே தேவையானது இருக்கு.

55 நாளுக்கு மேல ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. ஸ்கேன்ல சினையா இல்லையான்னு தான் நல்லா தெரியும், எண்ணிக்கை எக்ஸ்ரேல தான். ராத்திரி மூணு மணிக்கு ஏழு குட்டி வந்து முடிஞ்சு நாய் படுத்து தூங்கறப்போ, உள்ள எட்டாவது இருக்கா இல்லையான்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.

அவ குட்டி போட்டு வளக்கற பெட்டிக்கு நாலுக்கு நாலு அடி போதும், ப்ளைவுட்ல கார்பென்டர் ஒரு நாள்ல அடிச்சு குடுத்துடுவார். உள் பக்கம் நாலு சுவத்துலயும் தரையிலருந்து மூணு நாலு இஞ்ச் மேல ஒரு பிவிசி பைப்ப தடுப்பா ஓட்டிடுங்க. லேப் தொப்புன்னு தான் படுக்கும், சுவத்துக்கும் முதுகுக்கும் நடுவுல குட்டி மாட்டினா நசுங்கிடும், பைப் இருந்தா அந்த சந்துல தப்பிச்சுக்கும். அடியில ரப்பர் மேட், மேல நியூஸ்பேப்பர், அதுக்கு மேல சொரசொரப்பான பழைய டவல். காட்டன் சேலை விரிக்காதீங்க, நூல் பிரிஞ்சு கால்ல சுத்திக்கும். வெறும் டைல்ஸ்ல, கிரானைட்ல விட்டா கால் வழுக்கி வழுக்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு தவளை மாதிரி ஆயிடும், நேரா நிக்கவே வராது. குட்டி போடறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே அவள அதுல படுக்க பழக்கிடுங்க, இல்லன்னா உங்க கட்டிலுக்கு அடியில போய் போட்டுடுவா.

கடைசி வாரம் தெர்மாமீட்டர் தான் உங்க ஜோசியக்காரர். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை ஆசனவாய்ல வச்சு பாத்து எழுதுங்க. சாதாரணமா 101-க்கு பக்கமா இருக்கறது 99-க்கு கீழ எறங்குச்சுன்னா பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள வலி வந்துடும். சாப்பாட்ட ஒதுக்குவா, மூச்சு வாங்குவா, டவல கிழிச்சு சுருட்டுவா. அந்த நேரத்துல வீட்ல ரெண்டு பேருக்கு மேல அந்த ரூம்ல வேண்டாம், வேடிக்கை பாக்க தெருவே வந்து நின்னா வலி அப்படியே நின்னு போகும்.

பெரும்பாலும் எல்லாத்தையும் அவளே பாத்துப்பா. குட்டிய மூடி வர்ற பைய அவ கிழிக்கலன்னா நீங்க கிழிச்சு மூக்கையும் வாயையும் தொடைச்சு, டவல்ல வச்சு முதுக நல்லா தேய்ங்க, கத்தணும், கத்தினா தான் மூச்சு. தல கீழா புடிச்சு வீசி ஆட்டறத வீடியோல பாத்திருப்பீங்க, அத பண்ணாதீங்க, மூளையில ரத்தம் கசியும். தொப்புள்கொடிய ஒரு இஞ்ச் விட்டு நூல்ல கட்டி வெட்டி பீட்டாடின்ல முக்கிடுங்க. நஞ்சுக்கொடிய எண்ணிக்கோங்க, குட்டிக்கு ஒண்ணு வரணும். அரை மணி நேரம் நல்லா முக்கியும் ஒண்ணும் வரலன்னாலோ, உள்ள இருக்குன்னு தெரிஞ்சும் ரெண்டு மணி நேரம் சும்மா இருந்தாலோ, மொத குட்டிக்கு முன்னாடியே பச்சையா தண்ணி போனாலோ, வண்டிய எடுங்க. ராத்திரி சிசேரியன் பண்றவங்க யாருன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும், நாங்க ஈரோடு, ஏதாவதுன்னா நாமக்கல் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ணி டேங்க் ஃபுல் பண்ணியே வச்சிருந்தோம். வீட்டுக்கு வந்து ஆக்ஸிடோசின் ஊசி (வலிய தூண்டறது) போட்டு விடறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. குட்டி குறுக்க மாட்டிருக்கறப்போ அந்த ஊசிய போட்டா கர்ப்பப்பை கிழிஞ்சு தாயே போயிடும்.

சரி, குட்டி வந்தாச்சு. இங்க தான் ஒரு கிச்சன் தராசும் ஒரு நோட்டும் வேணும். லேப் குட்டி பொறக்கறப்போ 350-லருந்து 500 கிராம் வரைக்கும் இருக்கும். எல்லாம் மஞ்சளா ஒரே மாதிரி இருக்கும், அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் நெயில் பாலிஷ் நகத்துல, இல்லன்னா லூசா ஒரு கலர் ரிப்பன். தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க. மொத நாள் கொஞ்சம் எறங்கலாம், அதுக்கப்புறம் தினமும் ஏறணும், பத்து நாளுக்குள்ள பொறந்த எடை ரெண்டு மடங்கு ஆகணும். கண்ணால பாத்தா குண்டா தான் தெரியும், ஒரு நாள் ஏறலன்னு தராசு தான் சொல்லும், ரெண்டாவது நாளும் ஏறலன்னா டாக்டர்கிட்ட போயிடணும். பொறந்த சில மணி நேரத்துக்குள்ள சீம்பால் எல்லா வாய்க்கும் போச்சான்னு பாருங்க, 24 மணி நேரம் போனா அதுல இருக்கற எதிர்ப்பு சக்திய குடல் உறிஞ்சாது.

15-ல ஒண்ணு பொழைக்கலன்னு சொன்னேன்ல, அது மொத ஈத்துல, என் தப்பு. சின்னதா, மத்ததெல்லாம் தள்ளி விட்டு மூலையில கெடந்துச்சு, தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. பசியில தான் இப்படின்னு நெனச்சு ஃபில்லர்ல பால் குடுத்தேன், அதுவும் மல்லாக்க போட்டு, கைக்கொழந்தைக்கு குடுக்கற மாதிரி. ரெண்டுமே தப்பு. குளுந்து போன குட்டிக்கு குடல் வேல செய்யாது, பால் உள்ளயே கெட்டு போகும், மொதல்ல நம்ம நெஞ்சோட சேத்து வச்சு மெதுவா சூடு ஏத்தணும், அப்புறம் தான் பால். குடுக்கறப்போ குப்புற, தாய்கிட்ட குடிக்கற மாதிரியே வச்சு குடுக்கணும், மல்லாக்க போட்டா நுரையீரலுக்கு போயிடும். பசும்பால் வேண்டாம், பப்பிக்குன்னே வர்ற பால் பவுடர் ஒரு டப்பா முன்னாடியே வாங்கி வச்சுடுங்க. தாய் நக்காத குட்டின்னா வெதுவெதுப்பான தண்ணியில பஞ்ச நனைச்சு அடியில தடவி விடுங்க, அப்போ தான் மூத்திரமே போகும்.

சூடு பத்தி வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் ஹீட் லாம்ப் போடு, மொத வாரம் 30 டிகிரி வைனு சொல்வாங்க. சித்திரை மாசம் ஈரோட்ல ஃபேன் போட்டாலே ரூம்ல 35-க்கு மேல இருக்கும், அதுக்கு மேல லாம்ப் போட்டா குட்டி வெந்துடும். மார்கழியில, மழை நாள்ல தான் அது வேணும், அதுவும் பெட்டியில ஒரு மூலைக்கு மட்டும், சூடு வேண்டாம்னா நகந்து போக எடம் விட்டு. மீட்டர விட குட்டிய பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குவிஞ்சு கெடந்தா குளிர், மூலைக்கு ஒண்ணா தள்ளி தள்ளி கெடந்து கத்தினா வெக்கை, பக்கத்துல பக்கத்துல படுத்து தூக்கத்துல துடிச்சு துடிச்சு அசைஞ்சா எல்லாம் சரி. அந்த துடிப்ப பாத்து ஃபிட்ஸ்னு பயந்து மொத தடவை நான் டாக்டர எழுப்பிட்டேன்.

தாய மறந்துடாதீங்க. மூணாவது நாலாவது வாரம் பால் உச்சத்துல இருக்கும், அப்போ வழக்கமா சாப்பிடறதுல ரெண்டு மூணு பங்கு வேணும், தண்ணி எப்பவும் நெறைய. தினமும் பால் காம்ப தடவி பாருங்க, ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி செவந்து சூடா இருந்தா மடி வீக்கம். திடீர்னு நிக்காம மூச்சு வாங்கறா, நடுங்கறா, கால் வெறைச்சு நடக்கறான்னா அது நான் மேல சொன்ன கால்சியம் கொறைவு, காலையில பாத்துக்கலாம்னு விடற விஷயம் இல்ல, குட்டிய பிரிச்சுட்டு உடனே ஓடணும், நரம்புல கால்சியம் ஏத்தினா கண்ணு முன்னாடியே எழுந்து நிக்கும்.

ரெண்டாவது வாரம் கண்ணு தொறக்கும், அப்புறம் காது. அதே ரெண்டாவது வாரம் மொத பூச்சி மருந்து, நாலு, ஆறு, எட்டுன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அவளுக்கும் சேத்து. இன்னும் தரையே மிதிக்கல அதுக்குள்ள என்ன பூச்சின்னு கேப்பாங்க, வயித்துல இருக்கறப்பவும் பால்லயும் தாய்கிட்டருந்தே வருதுங்க. டோஸ் எடைக்கு தக்க டாக்டர் சொல்றது தான். நகத்த வாரம் ஒருக்கா வெட்டி விடுங்க, இல்லன்னா மடிய பிராண்டி வச்சிடும், வலிக்குதுன்னு அவ பால் குடுக்காம எழுந்து போயிடுவா.

மூணரை நாலு வாரத்துல சாப்பாடு பழக்கலாம். ஸ்டார்டர் ஃபீட வெந்நீர்ல ஊற வச்சு கஞ்சி பதத்துல கரைச்சு, ஆறினப்புறம் பரந்த தட்டுல. மொத நாள் தட்டுல நடப்பாங்க, உருளுவாங்க, ஒருத்தர ஒருத்தர் நக்கி முடிப்பாங்க, சாப்பிட்டது யாருன்னே தெரியாது. ஒரு நாளைக்கு நாலு தடவை. அஞ்சு வாரத்துல தட்ட தனித்தனியா பிரிச்சுடுங்க, லேப் குட்டி பக்கத்து தட்ட காலி பண்ணிட்டு தான் தன் தட்டுக்கு வரும், அந்த அவசரமே பழக்கமா போயிடும். தயிர்சாதம், ராகி கூழ்லயே வளந்த லேப் ஊருக்கு நாலு இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா இவ்ளோ வேகமா வளர்ற எலும்புக்கு அது மட்டும் பத்தாது. வேக வச்ச முட்டை, கோழிக்கறி குடுக்கலாம், வெந்த எலும்பு கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கிட்டயே வரக்கூடாது.

இனிமே தான் உண்மையான வேல, கழுவறது. நாலு வாரம் வரைக்கும் தாயே நக்கி சுத்தம் பண்ணிடுவா, சாப்பாடு ஆரம்பிச்ச அன்னிக்கே அவ கைய விரிச்சுடுவா. ஒரு ஓரத்துல மண் ட்ரே இல்லன்னா பேப்பர் வைங்க, மூணு வாரத்துலயே தூங்கற எடத்த விட்டு தள்ளி போகத்தான் அதுங்களுக்கே தோணும், எடம் குடுத்தா போதும், பாதி டாய்லெட் ட்ரெய்னிங் இங்கயே முடிஞ்சுது.

இந்த நேரம் பாத்து தான் குட்டி பாக்க ஆள் வருவாங்க. செருப்ப கேட்டுக்கு வெளியவே விட சொல்லுங்க, கை கழுவ சொல்லுங்க, வேற வீட்டு குட்டிய பாத்துட்டு நேரா இங்க வர்றவங்கள உள்ளயே விடாதீங்க, மொறைச்சாலும் பரவால்ல. பார்வோ (குட்டிங்கள கொல்ற வயித்துப்போக்கு வைரஸ்) செருப்புல வரும், தரையில மாசக்கணக்கா உயிரோட இருக்கும், பினாயிலுக்கெல்லாம் அசையாது. பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி, பத்து நிமிஷம் ஊற விட்டு கழுவணும், குட்டிய வேற ரூம்ல வச்சுட்டு. ஆறு வாரத்துல பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் (இதுவும் ஒரு வைரஸ் நோய்) மொத ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா 16 வாரம் வரைக்கும். ஒரு ஊசி போட்டாச்சேன்னு வெளிய தரையில விட்டுடாதீங்க, தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஊசிய வேல செய்ய விடாம தடுக்கும், அது எப்போ தீரும்னு குட்டிக்கு குட்டி மாறும், அதனால தான் திரும்ப திரும்ப போடறது. ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல.

உண்ணிக்கு மாட்டு மருந்த தண்ணியில கலந்து குளிப்பாட்டறத பாத்திருக்கேன். குட்டிக்கு அது விஷம். சின்ன குட்டிக்கு கையால எடுத்து சோப்பு தண்ணியில போடுங்க, மருந்து எதுவா இருந்தாலும் வயசும் எடையும் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டு தான்.

அஞ்சாவது வாரத்துலருந்து எட்டு வரைக்கும் என்ன தான் ஆகுதுன்னு கேக்கறவங்களுக்கு, கூட பொறந்ததுங்கள கடிச்சு வெளையாடறப்போ ஓங்கி கடிச்சா அது கத்திட்டு வெளையாட்ட நிறுத்திடும், தாய் மூஞ்சியில ஒரு உறுமல் விடுவா, எவ்ளோ பலமா கடிக்கலாம்னு இதுல தான் கத்துக்குது. 35 நாள்ல பிரிச்சு கொண்டு போன குட்டி உங்க வீட்டு கொழந்தை கையில தான் அத கத்துக்கும். அதே வாரங்கள்ல நீங்க பண்ண வேண்டியது, குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், பைக் சத்தம், குடை விரிக்கறது, தாடி வச்ச மாமா, எல்லாத்தையும் தூரத்துலருந்து கொஞ்ச கொஞ்சமா காட்டறது. தீபாவளிக்கு கட்டிலடியில ஒளியற நாய்ங்க நெறைய இந்த நேரத்துல எதுவும் கேக்காம ஒரு ரூம்லயே அடைஞ்சு வளந்ததுங்க தான். ஒவ்வொண்ணையும் தினம் அஞ்சு நிமிஷம் தனியா தூக்கிட்டு போங்க, காது, வாய், பாதம் தொட்டு பழக்குங்க, நாளைக்கு டாக்டர் உங்கள வாழ்த்துவார்.

குடுக்கறப்போ எல்லாத்தையும் ஒரே நாள்ல அனுப்பாதீங்க, மிச்ச பால் கட்டி அவளுக்கு வலிக்கும், ஒரு வாரத்துல ஒண்ணொண்ணா போகட்டும், அவ சாப்பாட்டையும் கூடவே கொறைங்க. யாருக்குங்கறத நீங்க தான் முடிவு பண்ணணும், பகல் பூரா பூட்டின வீடா, மாடியில கட்டி போடவா, காவலுக்கான்னு கேளுங்க, காவலுக்குன்னா லேப்ப விட்டுட்டு வேற பாருங்கன்னு நேராவே சொல்லிடுவேன், திருடன் வந்தா டார்ச்ச வாயில கவ்விட்டு பின்னாடியே போகும். எப்போ முடியலன்னாலும் ரோட்ல விடாம என்கிட்டயே திருப்பி குடுங்கன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கறேன். கூட ஊசி தேதி, பூச்சி மருந்து தேதி எழுதின கார்டு, ஒரு வாரத்துக்கு அதே ஃபீட், அம்மா வாசன இருக்கற ஒரு துண்டு டவல். படிக்கட்டு ஏத்தாதீங்க, கால்சியம் டானிக் ஊத்தாதீங்கன்னு வாசல் வரைக்கும் சொல்லிட்டே வருவேன்.

அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு அதே 35 நாள் தம்பிகிட்டருந்து போன் வரும். "அக்கா, தனி ரூம்ல படுக்க வச்சோம், அழுதுட்டே இருக்குக்கா, ஏதும் உடம்புக்கு முடியலியா?" ஒண்ணும் இல்ல தம்பி, எட்டு வாரமா கும்பலா படுத்து பழகினது. டவலோட ஒரு அட்டைப்பெட்டியில போட்டு உன் கட்டில் பக்கத்துல வை, கைய தொங்க விட்டு படு, பத்து நிமிஷத்துல தூங்கிடும்.